மலிவுத் துவக்கும் அமெரிக்கச் சட்டமும்: ஒரு சிறு வரலாறு

கையில் அதிகம் காசில்லாத ஒரு அமெரிக்கர் முதல் தடவையாகக் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: விலை குறைந்ததுகளுக்குள்ள எந்தக் கம்பனியின்ட பரவாயில்லை? போன் வாங்கும்போது நாங்கள் கேட்கிற அதே கேள்வி. இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். எங்களுக்குத் துவக்கு என்றால் சீருடையும் சோதனைச் சாவடியும்தான் நினைவுக்கு வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் விலைச்சீட்டோடு கிடக்கிற ஒரு சாமானாக அதை யோசித்துப் பார்ப்பதே கஷ்டம்.

ஆனால் அந்தச் சாதாரணக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அதை வாசிக்க வாசிக்க எங்களுக்கு ஒரு விஷயம் விளங்கியது. மலிவுத் துவக்கு யார் கைக்குப் போகும் என்பதில் அமெரிக்கச் சட்டம் நூறு வருடங்களுக்கும் மேலாகக் கவனமாக இருந்தது. காசு கொடுத்து வாங்கினவரின் கையில் அது ஒழுங்காக வேலை செய்யுமா என்பதில் அதே கவனத்தைக் காட்டவில்லை.

விலையால் போட்ட வேலி

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. உடனேயே தென் மாநிலங்கள் பல, கறுப்பின மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சட்டம் எழுதின. 1868இல் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் வந்து, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றது. அதற்குப் பிறகு நிறத்தைச் சொல்லிச் சட்டம் எழுத முடியாது. அப்ப என்ன செய்யலாம்?

டென்னசி மாநிலம் 1879இல் ஒரு வழி கண்டுபிடித்தது. இராணுவமும் கடற்படையும் பாவிக்கிற வகைப் பெரிய கைத்துப்பாக்கிகளைத் தவிர வேறு எதையும் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆர்கன்சோ 1881இல் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தப் பெரிய துவக்குகள் விலை கூடியவை. போரில் சண்டை பிடித்த வெள்ளையர்கள் பலரிடம் அவை ஏற்கனவே இருந்தன. விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கும் ஏழை வெள்ளையருக்கும் எட்டக்கூடிய சின்ன, மலிவு விலைத் துவக்குகள்தான் சந்தையிலிருந்து நீங்கின. சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த வேலையை விலை செய்தது.

1968: துறைமுகக் கதவு மட்டும் மூடியது

1950களிலும் 60களிலும் ஐரோப்பாவிலிருந்து மலிவுக் கைத்துப்பாக்கிகள் அமெரிக்காவுக்குள் பெருமளவில் வந்தன. இவற்றுக்கு ஒட்டிய பட்டப்பெயர் ‘சனி இரவு ஸ்பெஷல்’. சனிக்கிழமை இரவுக் குடியும் சண்டையும் என்ற படத்தோடு, ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் இழிவாகப் பார்க்கிற பார்வையும் அந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள்.

1968 ஏப்ரலில் மாட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூனில் ரொபேர்ட் கென்னடி. நகரங்களில் கலவரங்கள் நடந்தன. அந்த ஒக்டோபரில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வெளிநாட்டிலிருந்து வருகிற துவக்கு விளையாட்டுத் தேவைக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும் என்றது சட்டம். அளவு, பாரம், பாதுகாப்பு அமைப்பு எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, போதிய புள்ளி எடுக்காததை இறக்குமதி செய்ய விடவில்லை.

இங்கேதான் ஓட்டை. அந்தப் புள்ளிப் பரீட்சை இறக்குமதிக்கு மட்டும். உள்ளூரில் செய்தால் பரீட்சையே இல்லை. ஜேர்மனியின் ரோம் கம்பனி முழுத் துவக்கை அனுப்ப முடியாமல் போனதும், பாகங்கள் மியாமிக்கு வந்தன. அங்கே ஆர்.ஜி. இன்டஸ்ட்ரீஸ் என்ற கம்பனி அவற்றைப் பூட்டி விற்றது. 1981 மார்ச் 30ஆம் திகதி ஜனாதிபதி ரீகனைச் சுட்டது அப்படியான ஒரு ரோம் ரிவோல்வர்தான். சுட்டவர் அதை டலஸ் நகர அடகுக் கடை ஒன்றில் வாங்கியிருந்தார்.

இந்தச் சட்டத்தின் உண்மையான நோக்கம் துவக்கைக் கட்டுப்படுத்துவதா, கறுப்பினத்தவரைக் கட்டுப்படுத்துவதா என்ற சந்தேகத்தை ரொபேர்ட் ஷெரில் என்ற பத்திரிகையாளர் 1973இல் எழுதிய புத்தகத்திலேயே கிளப்பிவிட்டார். டென்னசிச் சட்டத்தை வாசித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் புதிதாக இராது.

லொஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி ஒரு குடும்பம்

இறக்குமதி நின்றதால் உண்டான வெற்றிடத்தை நிரப்பியவர் ஜோர்ஜ் ஜெனிங்ஸ். 1970இல் தென் கலிபோர்னியாவில் அவர் ஆரம்பித்த ரேவன் ஆர்ம்ஸ், பொக்கற்றுக்குள் வைக்கக்கூடிய .25 கலிபர் பிஸ்டலைச் செய்தது. உருக்கைக் கடைந்து செய்வதற்குச் செலவு கூட. ரேவன், சாமாக் எனப்படும் நாகக் கலப்புலோகத்தை உருக்கி அச்சில் வார்த்தது. விளையாட்டுக் கார்களும் கதவுக் கைபிடிகளும் செய்கிற அதே முறை.

பிறகு மகன் புரூஸ் பிரைக்கோ ஆர்ம்ஸை நடத்தினார். மருமகன் டேவிஸ் இன்டஸ்ட்ரீஸை நடத்தினார். லோர்சின், பீனிக்ஸ் என்று இன்னும் கம்பனிகள் வந்தன. ஆக, கடையில் நின்று ரேவனா, டேவிஸா, பிரைக்கோவா எண்டு யோசித்தவர் பெரும்பாலும் ஒரே குடும்பத்தின்ட, ஒரே உலோகத்தின்ட சாமானுக்குள்ளதான் தெரிவு செய்தார்.

1994இல் காரன் வின்டமியூட் என்ற அவசர சிகிச்சை மருத்துவர் இந்தக் கம்பனிகளைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டு, அவற்றுக்கு ‘நெருப்பு வளையம்’ என்று பெயர் வைத்தார். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உற்பத்தியான கைத்துப்பாக்கிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வளையத்துக்குள்ளேதான் செய்யப்பட்டது. குற்றங்களோடு சேர்த்துத் தேடப்பட்ட துவக்குகளின் பட்டியலிலும் ரேவன், டேவிஸ், லோர்சின் மூன்றும் முன்னுக்கு நின்றன.

சில மாநிலங்கள் இதற்கு விநோதமான பதில் ஒன்று தேடின. இல்லினோய், தென் கரோலினா போன்றவை உருகுநிலையை அளந்தன: 800 பரனைட்டுக்குக் கீழே உருகுகிற உலோகத்தில் செய்த துவக்கை விற்கக் கூடாது. நாகக் கலப்புலோகம் அதற்குக் கீழேயே உருகிவிடும். திரும்பவும் அதே கதைதான். மலிவான உலோகத்தை அடையாளம் கண்டார்கள். கீழே விழுந்தால் தானாக வெடிக்குமா என்று பார்க்கிற சோதனை அதில் இல்லை.

பொம்மைக்கு இருந்த விதி

அமெரிக்க மத்திய அரசு 1972இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. தொட்டில், சைக்கிள், விளையாட்டுச் சாமான் எல்லாம் அதன் பார்வைக்குள் வந்தன. துவக்கும் தோட்டாவும் மட்டும் சட்டத்திலேயே வெளியே விடப்பட்டன. விளையாட்டுத் துவக்கில் பிழை இருந்தால் ஆணைக்குழு அதைச் சந்தையிலிருந்து திருப்பி எடுக்கச் சொல்லலாம். உண்மைத் துவக்கைப் பற்றி அதற்கு வாய் திறக்க முடியாது.

இதன் விலையைக் கொடுத்தவர்களில் ஒருவர் கலிபோர்னியாவில் ஒரு 7 வயதுச் சிறுவன். 1994இல் வீட்டில் இருந்த பிரைக்கோ பிஸ்டலைக் காலி செய்து வைக்கலாம் என்று ஒருவர் முயன்றார். அந்த மாதிரியில், தோட்டாவை எடுப்பதற்கு முதலில் சேஃப்டியைச் சுடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருக்கா யோசித்துப் பாருங்கோ: ஆபத்தைத் தவிர்க்கிறதுக்காகச் செய்யிற வேலையே ஆபத்தான நிலையில்தான் தொடங்குது. துவக்கு வெடித்தது. சிறுவனுக்குக் கழுத்துக்குக் கீழே இயக்கம் போய்விட்டது.

2003இல் ஜூரி, கையாண்ட பெரியவர்கள் மீது ஒரு பங்கு பொறுப்பை வைத்தாலும், வடிவமைப்பே பிழை என்று சொல்லி, கம்பனிப் பக்கம் ஏறக்குறைய 24 மில்லியன் டொலர் கட்ட வேண்டும் என்றது. கம்பனி வங்குரோத்து அறிவித்தது. 2004இல் அதன் சொத்து ஏலத்துக்கு வந்தபோது, அந்தப் பையனின் தரப்பு காசு சேர்த்து, தொழிற்சாலையை வாங்கித் துவக்குகளை உருக்கிவிட முயன்றது. ஏலத்தில் தோற்றது. பழைய தொழிற்சாலை மேற்பார்வையாளர் 510,000 டொலருக்கு வாங்கி, புதுப் பெயரில் உற்பத்தியைத் தொடர்ந்தார்.

விலையை விட்டு, துவக்கைச் சோதித்தபோது

கலிபோர்னியா 1999இல் நிறைவேற்றிய சட்டம் வேறு மாதிரியானது. 2001 முதல், அங்கே கடையில் விற்கிற புது மாதிரி கைத்துப்பாக்கி கீழே போட்டுப் பார்க்கிற சோதனையிலும், 600 தோட்டா சுட்டுப் பார்க்கிற சோதனையிலும் சித்தியடைய வேண்டும். விலையை அது கேட்கவில்லை, உலோகத்தையும் கேட்கவில்லை.

விலை கூடின பெயர் என்றால் பயமில்லை, மலிவுதான் பிரச்சினை என்று முடிவெடுக்கவும் ஏலாது. ஒஹாயோவின் ஹை-பொயின்ட் 1992 முதல் அதே நாகக் கலப்புலோகத்தில்தான் பாரமான பிஸ்டல்களைச் செய்துவருகிறது; யார் கையில் இருந்தாலும் ஆயுட்கால உத்தரவாதமும் கொடுக்கிறது. மறுபக்கம், உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த பிரேசிலின் டோரஸ், சில மாதிரிகள் கீழே விழுந்தால் வெடிக்கின்றன என்ற வழக்கில், ஏறத்தாழ 10 இலட்சம் பிஸ்டல்கள் தொடர்பாக 2015இல் சமரசத்துக்கு வந்தது. குற்றத்தை அது ஒப்புக்கொள்ளவில்லை. அதைவிட முக்கியம், அந்தத் துவக்குகளைத் திருப்பி எடுக்க வைத்தது எந்த அரச ஆணைக்குழுவும் இல்லை. ஒரு வழக்கு.

இனி எங்கட நிலைப்பாட்டைச் சொல்கிறோம். மலிவுத் துவக்கைத் தடை செய்வது ஏழைகளின் உரிமையைப் பறிப்பது என்று ஒரு தரப்பு சொல்கிறது. டென்னசியைப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தைத் தூக்கிப் பிடித்தவர்களில் பலர், ஏழையின் கையில் கிடைக்கிற துவக்கு பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற விதிக்கும் எதிராகவே நின்றார்கள். வாங்கும் உரிமை வேண்டும், வாங்கினது கையில் வெடித்தால் கேட்கிற உரிமை வேண்டாம் எண்டால், அது யாருக்கான உரிமை?

இன்னொன்றும் இருக்கிறது. ஆர்தர் கெலர்மனும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, துவக்கு இருக்கிற வீட்டில் கொலை நடக்கிற அபாயம் 2.7 மடங்கு என்று கணித்தது. அதன் முறையைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் இந்தப் பிராண்டா அந்தப் பிராண்டா என்று கேட்கிறவர், அதற்கு முதல் வர வேண்டிய கேள்வியைத் தாண்டித்தான் கடைக்குள் வந்திருக்கிறார். பயம்தான் அவரை அங்கே கொண்டுவந்தது. அந்தப் பயம் பொய்யில்லை. பொலிஸ் பிந்தி வருகிற, வாடகை குறைந்த தெருக்களில் அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தெருவை மாற்றுவதைவிட, அங்கே நூறு டொலருக்கு ஒரு பிஸ்டலை விற்பது எப்போதும் சுலபமாக இருந்தது. இந்த வரலாற்றில் எங்களை அதிகம் தொந்தரவு செய்வது அதுதான்.