டப்ஸ்டெப் இசையும் அதற்கு இலக்கணம் எழுதிய ஏடுகளும்

இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பதில் தமிழாசிரியரிடையே கருத்து வேறுபாடு இல்லை. மொழி வழங்கிய பின்னரே அதன் முறைமையைக் கண்டு நூல் செய்தனர் முன்னோர். ஆனால் நூல் செய்த பின்னர் இலக்கியம் என்னவாகிறது என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. இலக்கணம் கண்டதைக் கூறும் சாட்சியாக மட்டும் நின்றுவிடுகிறதா? அன்றித் தான் கண்டதையே மாற்றியும் விடுகிறதா? மொழி வரலாற்றில் இதற்கு விடை காணப் பல நூற்றாண்டுகளைத் துருவ வேண்டும். இசையிலோ பத்தே ஆண்டுகளில் இது நிகழ்ந்ததற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தில் டப்ஸ்டெப் என்னும் இசை பிறந்ததும், இசையாக்கம் கற்பிக்கும் மாத இதழ்கள் அதன் செய்முறையை அச்சிட்டதும், பின்னர் அவ்விசை கொண்ட வடிவமும் அச்சான்றாகும்.

இலண்டன் மாநகரின் தென்புறத்தில் உள்ளது கிராய்டன். அங்கே சந்தை கூடும் சர்ரே தெருவில் ‘பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ்’ என்னும் இசைத்தட்டுக் கடை இருந்தது. ஹாட்சா என்னும் இளைஞர் அங்கே தட்டு விற்பார். மாடியில் ஆர்ட்வொர்க் என்பாரின் ஒலிப்பதிவு அறை. 1986-இல் பிறந்த ஸ்க்ரீம், பெங்கா ஆகிய இருவரும் பள்ளிப் பருவத்திலேயே அக்கடையைச் சுற்றி வந்தவர்கள். அந்நாளில் இலண்டனில் ‘டூ-ஸ்டெப் கராஜ்’ என்னும் ஆடல் இசை ஓங்கியிருந்தது. அதனோடு ஜமைக்காவின் ‘டப்’ இசை கலந்தது. 1970-களில் கிங்ஸ்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுது பார்ப்பதில் வல்லவரான கிங் டப்பி, பாட்டிலிருந்து குரலை நீக்கி, எஞ்சிய முரசையும் மந்தர நாதத்தையும் எதிரொலியில் மிதக்கவிட்டுப் புதியதோர் இசையைச் செய்தார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியோர் அதனையும், அதற்குரிய பேரொலிப் பெட்டிகளையும் தென்னிலண்டனில் வேரூன்றச் செய்திருந்தனர். டப்பும் ஸ்டெப்பும் சேர்ந்து டப்ஸ்டெப் ஆயிற்று.

இவர்களுக்குப் பாடநூல் இல்லை. பெங்கா முதலில் இசை புனைந்தது பிளேஸ்டேஷன் என்னும் விளையாட்டுப் பெட்டியில். பின்னர் ஸ்க்ரீமும் அவரும் கையாண்ட ‘ஃப்ரூட்டி லூப்ஸ்’ என்னும் கணினிச் செயலியை அக்காலத் தொழில்முறை இசைவாணர் பலர் பொம்மை என்றே எண்ணினர். செய்ததைக் கடைக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டுவார்கள். நன்றெனில் தட்டு வெட்டப்படும். ஃபாரஸ்ட் ஹில் பகுதியில் ஜேசன் கோஸ் நடத்திய டிரான்சிஷன் நிலையத்தில், மெல்லிய மெழுகு போன்ற பூச்சுடைய ஒற்றைத் தட்டு வெட்டுவது வழக்கம். சில பத்து முறை ஓடினால் தேய்ந்துவிடும் தட்டு அது. 2001-இல் தொடங்கிய ‘ஃபார்வர்ட்’ என்னும் இரவு அரங்கில் அத்தட்டு சுழலும்போதுதான், செய்தவர்க்கே தாம் செய்தது யாதென விளங்கும். கேட்போரும் பெரும்பாலும் இசை புனைவோரே. குருவென்று ஒருவர் இல்லாத குருகுலம் எனலாம்.

அவர்கள் செய்த இசையின் இயல்பை இங்குச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 தட்டு. நான்கு தட்டு கொண்ட தாளவட்டம் ஒன்றேமுக்கால் நொடிக்குள் முடிந்துவிடும். எனினும் பெருமுரசு முதல் தட்டிலும், ஸ்னேர் என்னும் சிறுமுரசு மூன்றாம் தட்டிலுமே விழுதலால், கேட்போர்க்கு அது 70 தட்டு வேகத்தில் நடப்பதாகவே தோன்றும். ஓடுகின்ற காலத்தின்மேல் நடக்கின்ற தாளம் அது. இடையில் நிறைய வெற்றிடம். அதன் கீழே நொடிக்கு 50 அதிர்வை ஒட்டிய மிகத் தாழ்ந்த ஒலி. இவ்வொலி காதுக்கு எட்டுவதிலும் மிகுதியாக நெஞ்சுக்கூட்டில் தாக்கும். டிஜிட்டல் மிஸ்டிக்ஸ் இணையரான மாலா, கோக்கி ஆகியோரும் லோஃபாவும் 2005-இல் பிரிக்ஸ்டனில் தொடங்கிய ‘டிஎம்இசட்’ அரங்கு இதற்கென்றே பேர் பெற்றது. சிறிய பெட்டியில் அதே இசையைக் கேட்டால் பாதி இசை இல்லாமற் போகும். இதனை நினைவிற் கொள்க. பின்னர் இது பெரிதும் வேண்டப்படும்.

இனி ஏடுகளின் கதை. இங்கிலாந்தில் மின்னிசையை அச்சில் கற்பிக்கும் வழக்கம் இதற்கு முப்பது ஆண்டு முந்தியது. 1973-இல் ‘பிராக்டிகல் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழ், சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியை வீட்டில் செய்துகொள்ளும் முறையைத் தொடராக வெளியிட்டது. 1978-இல் ‘எலெக்ட்ரானிக்ஸ் டுடே இன்டர்நேஷனல்’ இதழில் டிம் ஓர் வகுத்த ‘டிரான்செண்டண்ட் 2000’ வெளிவந்தது. அதனை ஈயப் பற்று வைத்துத் தம் கையாலேயே பூட்டியவர்களுள் ‘ஜாய் டிவிஷன்’ குழுவின் பெர்னார்ட் சம்னரும் ஒருவர். அன்றைய வாசகன் கருவியைச் செய்தான். இசையைப் பற்றி ஏடு வாய் திறக்கவில்லை.

1985-இல் ‘சவுண்ட் ஆன் சவுண்ட்’, 1992-இல் ‘ஃப்யூச்சர் மியூசிக்’, 1998-இல் ‘கம்ப்யூட்டர் மியூசிக்’ எனப் பின்னர் வந்த இதழ்களோ ஒலிப்பதிவையும் இசையாக்கத்தையுமே கற்பிக்க முனைந்தன. இவற்றிடையிலும் இரு நெறிகள் உண்டு. ‘சவுண்ட் ஆன் சவுண்ட்’ இதழில் 1999 முதல் 2004 வரை கோர்டன் ரீட் எழுதிய தொடர் 63 பகுதிகளாக வந்தது. ஒலி ஏன் அவ்வாறு ஒலிக்கிறது, வடிகட்டி ஒலியின் எப்பகுதியை அகற்றுகிறது, மெதுவாக அசையும் ஓர் அலை இன்னோர் ஒலியை எவ்வாறு ஆட்டி வைக்கிறது என அது காரணத்தோடு விளக்கிற்று. எந்தப் பாட்டையும் செய்யக் கற்பிக்கவில்லை. எதனையும் செய்வதற்கு வேண்டிய அறிவைத் தந்தது. ஆசிரியத் தொழில் அறிந்தோர் இதன் அருமையை உணர்வர். ‘கம்ப்யூட்டர் மியூசிக்’ கையாண்டது மற்றொரு நெறி. கணினித் திரையின் படம், அதன் கீழே எண்ணிட்ட படிகள், இதழோடு ஒட்டிய குறுந்தட்டில் அப்படிகளுக்குரிய ஒலிகள். படி ஒன்றைச் செய், படி இரண்டைச் செய் என்று கைப்பிடித்து நடத்தும் முறை அது.

டப்ஸ்டெப் அச்சேறியது முதலில் செய்முறையாக அன்று, செய்தியாக. 2002-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த ‘எக்ஸலரேட்டர்’ இதழ், ‘ஹார்ஸ்பவர் புரொடக்ஷன்ஸ்’ குழுவை அட்டையில் இட்டு அப்பெயரைப் பரப்பியது. 2006 ஜனவரியில் பி.பி.சி. முதலாம் வானொலியில் மேரி ஆன் ஹாப்ஸ் அளித்த ‘டப்ஸ்டெப் வார்ஸ்’ நிகழ்ச்சி அதனைக் கடல் கடந்த ஊர்களிலும் ஒலிக்கச் செய்தது. கேட்டவர்கள் செய்யவும் விரும்பினர். அவர்களுக்குக் கிராய்டன் கடை இல்லை. கிராய்டனிலேயே 2004-இல் அது மூடப்பட்டுவிட்டது. 2000-களின் பிற்பகுதியிலிருந்து இசையாக்க இதழ்கள் டப்ஸ்டெப் செய்முறையை அட்டைப்படக் கட்டுரையாகவே தந்தமைக்கு இதுவே காரணம்.

அச்செய்முறையின் நடு நாயகம் ‘வாபிள்’ எனப்படும் தள்ளாடும் நாதம். வேகத்தை 140 என அமைக்க வேண்டும். வாள்பல் வடிவ அலை ஒன்றை எடுத்து வடிகட்டி வழியே செலுத்த வேண்டும். அவ்வடிகட்டியின் வாயிலை மெல்லலை ஒன்று திறந்து திறந்து மூட, ‘வவ் வவ்’ என நாதம் வாய் பேசும். மெல்லலையைத் தாளத்தோடு பிணைத்து, அரைத் தட்டுக்கு ஒரு முறை என்றால் நொடிக்கு நாலரைக்குச் சற்று மேற்பட்ட அசைவு; ஒரு தட்டுக்கு மும்முறை என்றால் நொடிக்குச் சரியாக 7. இவ்விரண்டையும் மாறி மாறி இட்டால் போதும். 2006-இல் ஜெர்மனியின் நேட்டிவ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் வெளியிட்ட ‘மாசிவ்’ என்னும் கணினிக் கருவி இதனை மிக எளிதாக்கியது. அதிலிருந்த ‘மாடர்ன் டாக்கிங்’ என்னும் அலைக்கோவை உறுமலுக்கென்றே பிறந்ததுபோல் அமைந்தது. எண்ணிட்டுச் சொல்ல இதனினும் ஏற்ற பொருள் ஏட்டுக்குக் கிடைக்குமா?

இங்கேதான் இலக்கணம் தன் வேலையைக் காட்டியது. வாபிள் டப்ஸ்டெப்பின் ஓர் அணி, உயிர் அன்று. 2005-இல் வெளிவந்து பெரும்பேர் பெற்ற ஸ்க்ரீமின் ‘மிட்நைட் ரிக்வெஸ்ட் லைன்’ பாட்டில் நினைவில் நிற்பது அதன் மேலே ஓடும் மெட்டே. மாலாவின் பாட்டுகளிலோ வெற்றிடமே பேசும். ஆனால் வெற்றிடத்தை எந்தப் படியில் எழுதுவது? எங்கே முரசை நிறுத்த வேண்டும் என்பதை எந்தத் திரைப்படத்தில் வட்டமிட்டுக் காட்டுவது? மேலும், இதழின் குறுந்தட்டை வாசகன் கேட்டது மேசைமேல் இருந்த சிறு ஒலிபெருக்கியில். நொடிக்கு 50 அதிர்வு ஒலியை அது தரவே தராது. மந்தரத்தின் அடியில் ஒரு தூய அலையை இடுக என ஏடு எழுதத்தான் செய்தது. வாசகன் அதனை இட்டும் இருப்பான். அவன் காதில் விழுந்ததோ மேலே உறுமிய வாபிள் மட்டும். கேட்டதைத்தானே ஒருவன் வளர்க்க முடியும்?

ஏடுகளே இசையைக் கெடுத்தன என்று பழைய அன்பர் சிலர் சினந்தது நேர்மையன்று. தூரத்து ஊரில் தனி அறையில் இருந்த ஒருவனுக்கு அக்கதவைத் திறந்துவிட வேறு யாரும் இலர். வாபிளை வலுவாக முழக்கிய ரஸ்கோ, காஸ்பா முதலியோர் இங்கிலாந்து அரங்கிலிருந்தே வந்தவர்கள். ஏட்டைப் பார்த்துச் செய்தவர்கள் அல்லர். 2010-இல் அமெரிக்கரான ஸ்க்ரில்லெக்ஸ், மந்தரத்தை விட்டு நடுநாதத்திலேயே கூர்மையான உறுமலை நிறுத்திப் புகழ் பெற்று, 2012-இல் மூன்று கிராமி விருதுகளை வென்றார். அவர் வகையைப் ‘புரோஸ்டெப்’ என எள்ளினர். ஆயினும் மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியில் முழுமையாகக் கேட்கும் டப்ஸ்டெப் அதுவே என்பதை மறுத்தற்கில்லை. அச்சில் சொல்லக் கூடியதும், சிறு பெட்டியில் கேட்கக் கூடியதும் ஒன்றாயிருந்தமையால், அதுவே உலகின் பெரும்பகுதிக்கு டப்ஸ்டெப் ஆயிற்று.

இந்த இலக்கணத்துக்கு அடங்காத ஒருவரும் அக்காலத்திலேயே இருந்தார். தென்னிலண்டனைச் சேர்ந்த பெரியல் 2007-இல் வெளியிட்ட ‘அன்ட்ரூ’ என்னும் இசைத்தொகுதி, அடுத்த ஆண்டு மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம் பெற்றது. கட்டம் கட்டமாக முரசை அடுக்கும் செயலி எதனையும் அவர் கொள்ளவில்லை. பதிவான ஒலியை வெட்டி ஒட்டுவதற்குரிய ‘சவுண்ட் ஃபோர்ஜ்’ என்னும் எளிய கருவியில், ஒவ்வோர் அடியையும் கண்ணால் பார்த்தே வைத்தார். அதனால் அவருடைய தாளம் எந்தக் கட்டத்திலும் சரியாக விழாமல் சற்றே முன்னும் பின்னும் தளர்ந்து நடக்கும். தாளம் நன்கு அமைந்ததை எவ்வாறு அறிவீர் எனக் கேட்டார்க்கு, திரையில் ஒலியின் வடிவம் மீன்முள்ளைப் போல் தோன்றினால் அது நன்றாகவே ஒலிக்கும் என்னும் கருத்தில் அவர் விடை கூறினார்.