வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் நகர்வு வேகம்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணையப் பாத்திர விளையாட்டில் ஒரு கேரக்டர் ஒரு நொடிக்குக் கடக்கும் தூரமே அதன் நகர்வு வேகம். பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு 2004 நவம்பர் 23 அன்று வட அமெரிக்காவில் வெளியானது. இதில் வேகத்தைக் கூட்ட வகுப்புத் திறன்கள், போஷன்கள், மந்திரமேற்றிய காலணிகள், சவாரி விலங்குகள், பறக்கும் விலங்குகள் எனப் பல வழிகள் உண்டு. அசெராத் என்ற பரந்த உலகத்தில் ஆட்டக்காரர் செலவிடும் நேரத்தில் பெரும்பங்கு பயணத்திலேயே கழிகிறது. அதனால்தான் வேகத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஒரு விலையும் ஒரு தகுதி நிலையும் வைக்கப்பட்டன. அந்த விலைகளை எப்போது குறைப்பது, எப்போது கூட்டுவது என்பது குறித்து ஆட்டக்காரர்களும் வடிவமைப்பாளர்களும் இருபது ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள்.

முன்னோடி

வேகத்தை விலைமதிப்புள்ள பொருளாக்கியதில் 1999 மார்ச்சில் வெளியான எவர்குவெஸ்ட் முன்னோடி. அதில் ஷாமன், ட்ரூயிட் வகுப்பினர் இடும் 'ஸ்பிரிட் ஆஃப் வுல்ஃப்' மந்திரம் ஓட்டத்தை வெகுவாக விரைவாக்கும். அதைப் பெற நகர வாயில்களில் மற்ற ஆட்டக்காரர்கள் கேட்டு நிற்பதும், இட்டவருக்கு நாணயம் கொடுப்பதும் வழக்கமாயின. பார்ட் வகுப்பின் பாட்டுகளும் 'ஜர்னிமேன்ஸ் பூட்ஸ்' என்ற காலணியும் இதே காரணத்துக்காகத் தேடப்பட்டன. வார்கிராஃப்ட் இந்த ஏக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் பிறர் தயவை நம்பியிருக்கும் நிலையைக் குறைத்து, பணமும் உழைப்பும் கொடுத்தால் எவரும் வேகத்தை வாங்கலாம் என்ற முறைக்கு அதை மாற்றியது.

அடிப்படை வேகம்

எந்த உதவியும் இல்லாத கேரக்டர் நொடிக்கு 7 கெஜம் ஓடும். இதுவே 100 சதவீதம். மற்றெல்லாக் கூடுதலும் குறைவும் இந்த எண்ணை வைத்தே கணக்கிடப்படுகின்றன. நடந்தால் 2.5 கெஜம், நீந்தினால் 4.72 கெஜம், முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கிப் போனால் 4.5 கெஜம். குள்ளரோ நெடிய டாரனோ, எந்த இனத்துக்கும் கால் நீளத்தைப் பொறுத்து இந்த வேகம் மாறுவதில்லை.

பின்னோக்கிப் போகும் வேகம் இவ்வளவு குறைவாக இருப்பதற்குப் போர்க்களத்தில் நேரடி விளைவு உண்டு. எதிரியைப் பார்த்தபடியே பின்வாங்கும் புதியவரை அவன் எளிதாக எட்டிப் பிடித்துவிடுவான். தேர்ந்தவர்கள் பின்னோக்கு விசையைத் தொடுவதே இல்லை. மவுஸால் சட்டென்று திரும்பி முழு வேகத்தில் ஓடுவார்கள், அல்லது பக்கவாட்டில் நகர்வார்கள். எந்தப் பொருளும் வாங்காமல் வேகத்தைக் கூட்டும் முதல் வழி இதுதான்.

வகுப்புத் திறன்கள்

ரோக் வகுப்பின் 'ஸ்பிரின்ட்' இவற்றுள் பெயர்பெற்றது. தொடக்க காலப் பதிப்பில் அதன் உச்ச நிலை 70 சதவீதக் கூடுதலை 15 நொடிக்குத் தந்தது. நொடிக்கு 11.9 கெஜம் என்ற கணக்கில் அந்த 15 நொடியில் ரோக் 178 கெஜத்துக்கு மேல் ஓடிவிடுவார். சாதாரணமாக ஓடுபவர் 105 கெஜமே கடந்திருப்பார். பெரும்பாலான மந்திரங்கள் 30 முதல் 40 கெஜம் வரைதான் எட்டும் என்பதால், துரத்துபவரின் பிடியிலிருந்து முற்றிலும் விடுபட இந்த இடைவெளி போதும்.

ட்ரூயிட் சிறுத்தையாக உருமாறி 40 சதவீதம் கூடுதலாக ஓடுவார். ஷாமன் ஆவி ஓநாயாக மாறுவார். தொடக்க காலத்தில் இந்த இரண்டு உருவங்களும் திறந்த வெளியில் மட்டுமே பயன்பட்டன. ஹண்டரின் 'ஆஸ்பெக்ட் ஆஃப் த சீட்டா' 30 சதவீதம் தந்தது. ஆனால் அதை ஏற்றிக்கொண்டு ஓடும்போது ஒரு அடி பட்டாலும் கேரக்டர் தடுமாறி வேகம் பாதியாகும். கூட்டம் முழுவதற்கும் அதைப் பரப்பும் 'பேக்' வடிவத்தைப் போட்டுவிட்டு ஹண்டர் அணைக்க மறந்தால், சண்டை தொடங்கியதும் குழுவே தடுமாறும்.

மேஜின் 'பிளிங்க்' இவற்றிலிருந்து வேறுபட்டது. அது வேகத்தைக் கூட்டுவதில்லை, 20 கெஜம் முன்னால் ஒரே கணத்தில் கொண்டுபோய் நிறுத்தும். வாரியரின் பாய்ச்சல், 2012இல் வந்த மங்க் வகுப்பின் உருளல், 2016இல் வந்த டீமன் ஹண்டரின் இரட்டைத் தாவல் ஆகியவை இதே வழியில் பிறந்தவை. 2010இல் ட்ரூயிடுக்குச் சேர்ந்த 'ஸ்டாம்பீடிங் ரோர்' அருகிலுள்ள தோழர்கள் அனைவருக்கும் 60 சதவீதக் கூடுதலைச் சில நொடிகள் தந்தது. தரையில் நெருப்பு பரவும் நேரத்தில் பெரிய ரெய்டு குழு முழுவதையும் நகர்த்த வேண்டிய தலைவர்களுக்கு இது உயிர்காக்கும் திறனாக அமைந்தது.

பொருள்கள்

ரசவாதிகள் ஸ்விஃப்ட்திஸில், பிரையர்தார்ன் என்ற இரு மூலிகைகளைக் கொண்டு காய்ச்சும் ஸ்விஃப்ட்னெஸ் போஷன் 15 நொடிக்கு 50 சதவீதம் தரும். எஞ்சினீயரிங் கற்றவர்கள் ராக்கெட் காலணிகள் செய்துகொள்ளலாம். அவை வெடித்துப் பழுதாகும் அபாயத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். 2014இல் வந்த 'வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார்' விரிவாக்கம் முதல், கிடைக்கும் கவசங்களில் அரிதாக 'ஸ்பீட்' என்ற தனிப் பண்பும் ஒட்டி வருகிறது.

எல்லாவற்றிலும் எளியது, காலணியில் 8 சதவீதம் ஏற்றும் 'மைனர் ஸ்பீட்' மந்திரம். நொடிக்கு அரை கெஜத்தைச் சற்றே தாண்டும் இந்தக் கூடுதல் என்றும் தீராது, காத்திருப்பு நேரமும் இல்லை.

சவாரி வேகத்துக்கென்றே இருந்த பொருள்களில் 'கேரட் ஆன் எ ஸ்டிக்' பலராலும் நினைவுகூரப்படுகிறது. அது 3 சதவீதம் மட்டுமே தரும். அதைப் பெற முதலில் ஹின்டர்லாண்ட்ஸ் பகுதியில் காவலிருக்கும் ட்ரோல்களிடமிருந்து புனிதச் சுத்தியலைக் கைப்பற்ற வேண்டும். அதை ஜின்தா'ஆலோர் குன்றின் உச்சிப் பீடத்துக்குக் கொண்டுபோய் உரிய சுத்தியலாக மாற்ற வேண்டும். பிறகு ஸுல்'ஃபராக் பாலைநகரில் உள்ள மணியை அடித்து, நீரிலிருந்து எழும் கஹ்ஸ்'ரில்லாவைக் கொன்று அதன் செதிலைக் கொண்டுவர வேண்டும். வெறும் 3 சதவீதத்துக்காக ஐந்து பேர் குழு சேர்ந்து இவ்வளவு தூரம் அலைந்தார்கள். அந்த உலகில் வேகத்துக்கு இருந்த மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை.

சவாரி விலங்குகள்

ஆட்டக்காரர்கள் மவுண்ட் என்று அழைக்கும் சவாரி விலங்கு, தொடக்கத்தில் 40ஆம் நிலையில் 60 சதவீதக் கூடுதலும் 60ஆம் நிலையில் 100 சதவீதக் கூடுதலும் தந்தது. முதல் விலங்குக்குப் பயிற்சியும் சேர்த்துச் சுமார் 100 தங்கமும், இரண்டாவதற்குச் சுமார் 1000 தங்கமும் ஆயின. அன்றைய பொருளாதாரத்தில் 1000 தங்கம் பலருக்கு மாதக்கணக்கான உழைப்பு. மனிதருக்குக் குதிரை, குள்ளருக்குச் செம்மறிக் கடா, ஆர்க்குக்கு ஓநாய், ட்ரோலுக்கு ராப்டர் என ஒவ்வோர் இனத்துக்கும் தனி விலங்கு உண்டு. வார்லாக், பாலடின் வகுப்பினருக்கு மட்டும் விலங்கை அழைக்கும் மந்திரம் வகுப்பின் வழியாகவே கிடைத்தது. சோதனைக் காலத்தில் டாரன் இனத்துக்கு விலங்கே இல்லாமல், ஓட ஓட வேகம் கூடும் 'பிளெய்ன்ஸ்ரன்னிங்' திறன் திட்டமிடப்பட்டிருந்தது. வெளியீட்டுக்கு முன் அது கைவிடப்பட்டுக் கோடோ விலங்கு தரப்பட்டது.

பின்னாளில் இந்தத் தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. முதல் விலங்குக்கான நிலை 2008இல் 30ஆகவும் 2009இல் 20ஆகவும் குறைக்கப்பட்டது. பழைய முறையையே விரும்பியவர்களுக்காக 2019 ஆகஸ்டில் வெளியான கிளாசிக் பதிப்பு, 40ஆம் நிலை வரை கால்களை நம்பியே நடக்கும் வாழ்க்கையைத் திரும்பக் கொண்டுவந்தது.

பறத்தல்

2007 ஜனவரியில் வந்த 'பர்னிங் குருசேட்' விரிவாக்கம் அவுட்லாண்ட் நிலப்பரப்பில் பறக்க வழி திறந்தது. 280 சதவீதக் கூடுதல் தரும் உயர்நிலைப் பறத்தல் பயிற்சிக்கு அப்போது 5000 தங்கம் ஆயிற்று. 310 சதவீதம் தரும் சில விலங்குகள் மிகக் கடினமான எதிரிகளிடமிருந்தோ, அரீனா போட்டிகளின் உச்சியிலிருந்தோ மட்டுமே கிடைத்தன. 2010 டிசம்பரில் வெளியான 'காட்டாகிளிசம்' பழைய கண்டங்களிலும் பறக்க இடமளித்தது. 310 சதவீதத்தையும் பணம் கொடுத்துக் கற்கும் பயிற்சியாக்கியது.

வானத்தில் பறப்பவர் கீழே உள்ள எதிரிகளையும் பாதைகளையும் பொருட்படுத்தாமல் கடந்துவிடுகிறார், உலகம் சுருங்கிவிடுகிறது என்று வடிவமைப்பாளர்கள் கவலைப்பட்டார்கள். 2014இல் வந்த டிரேனார் நிலப்பரப்பில் பறத்தல் தரப்படவில்லை. கடும் எதிர்ப்பு எழுந்ததால், பகுதிகளை முழுதாக ஆராய்ந்து முடித்தவர்களுக்குப் பறக்கும் உரிமை தரும் 'பாத்ஃபைண்டர்' முறை 2015இல் அறிமுகமானது.

2022 நவம்பர் 28 அன்று வெளியான 'டிராகன்ஃபிளைட்' இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடை கண்டது. அதன் டிராகன் சவாரியில் வேகம் நிலையான எண் அல்ல. உயரத்திலிருந்து பாய்ந்து இறங்கினால் வேகம் கூடும், மேலே ஏறினால் குறையும். கைதேர்ந்தவர்கள் 800 சதவீதத்துக்கும் மேலான கூடுதலை எட்டுகிறார்கள். 2024 ஆகஸ்டில் வெளியான 'த வார் வித்இன்' இதை ஸ்கைரைடிங் என்று பெயர் மாற்றிப் பழைய விலங்குகள் பலவற்றுக்கும் விரித்தது. அதுவரை விலை கொடுத்து வாங்கும் பொருளாக இருந்த வேகம் இதனால் ஆட்டக்காரரின் கைத்திறனைப் பொறுத்ததாக மாறியது.

கூட்டல் விதிகள்

ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு கூடுதல்கள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதில்லை. பெரியது மட்டுமே செல்லும். வேகக் குறைப்புகளுக்கும் இதே விதிதான்: ஐந்து பேர் ஐந்து விதமாக வேகத்தைக் குறைத்தாலும் கடுமையான ஒன்றே கணக்கில் வரும். கூடுதலும் குறைப்பும் ஒரே நேரத்தில் இருந்தால் இரண்டும் பெருக்கப்படும். ஸ்பிரின்ட் போட்ட ரோக் மீது 50 சதவீதக் குறைப்பு விழுந்தால் அவர் வேகம் 7 × 1.7 × 0.5, அதாவது நொடிக்கு 5.95 கெஜம். ஓடும் வேகத்துக்கான கூடுதல்கள் சவாரி வேகத்தில் சேர்வதில்லை.

சதவீதமும் நேரமும்

சதவீதம் அடிப்படை வேகத்தின் மீதே கணக்கிடப்படுவதால், மேலே போகப் போக ஒவ்வொரு கூடுதலும் மிச்சப்படுத்தும் நேரம் குறைகிறது. 1000 கெஜம் கடக்க ஆகும் நேரம் இது:

- கூடுதல் இல்லாமல் ஓடினால்: 142.9 நொடி
- 8 சதவீதக் காலணியுடன்: 132.3 நொடி
- 60 சதவீதச் சவாரி: 89.3 நொடி
- 100 சதவீதச் சவாரி: 71.4 நொடி
- 280 சதவீதப் பறத்தல்: 37.6 நொடி
- 310 சதவீதப் பறத்தல்: 34.8 நொடி

காலணியின் 8 சதவீதம் பத்து நொடிக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. பறத்தலில் கடைசியாகச் சேரும் 30 சதவீதம் மூன்று நொடிகூட மிச்சப்படுத்துவதில்லை.

போரில் வேகம்

பெரும்பாலான சண்டைகளில் சவாரி செய்ய முடியாது என்பதால், போரில் சிறு கூடுதல்களே முடிவைத் தீர்மானிக்கின்றன. ஒரே வேகத்தில் ஓடும் இருவரில் துரத்துபவர் முன்னால் ஓடுபவரை ஒருபோதும் பிடிக்க முடியாது. துரத்துபவரிடம் மட்டும் 8 சதவீதக் காலணி இருந்தால் 20 கெஜ இடைவெளி சுமார் 36 நொடியில் மூடிவிடும்.

எதிரியை எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டு ஓடியபடியே தாக்கும் உத்தி கைட்டிங் எனப்படும். ஹண்டரும் ஃப்ராஸ்ட் மேஜும் இதில் வல்லவர்கள். விளையாட்டின் தொடக்க ஆண்டுகளில் பிளாஸ்டட் லாண்ட்ஸ் பகுதியிலிருந்த லார்ட் கஸ்ஸாக் என்ற பெரும் அரக்கனை ஆட்டக்காரர்கள் இப்படியே இழுத்துக்கொண்டு ஸ்டார்ம்விண்ட் நகருக்குள் கொண்டுவந்தார்கள். அவன் கையில் அங்கிருந்தவர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தது இன்றும் பேசப்படுகிறது. 2005இல் சேர்க்கப்பட்ட வார்சாங் கல்ச் போர்க்களத்தில் கொடியைத் தூக்கியவர் விலங்கின்மேல் ஏற முடியாது. அதனால் உருமாறி ஓடும் ட்ரூயிட் கொடி தூக்குவதற்கு மிகவும் வேண்டப்பட்டவரானார்.

வேக மோசடி

இந்த விளையாட்டில் கேரக்டரின் நகர்வு முதலில் ஆட்டக்காரரின் கணினியிலேயே கணிக்கப்பட்டுப் பிறகு சர்வருக்குத் தெரிவிக்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டைச் சுரண்டி விதிமீறிய வேகம் பெறும் மென்பொருள்கள் ஆரம்பம் முதலே புழங்கின. அவற்றைக் கண்டறியப் பிளிசார்ட் 'வார்டன்' என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறது. பிடிபடுபவரின் கணக்கு முடக்கப்படும். இந்தக் கண்டிப்பு நியாயமானது. சக ஆட்டக்காரர் உழைத்துச் சேர்த்த 3 சதவீதத்தையும் 8 சதவீதத்தையும் இந்த மோசடி மதிப்பற்றதாக்கிவிடுகிறது.

மதிப்பீடு

பளபளக்கும் 310 சதவீத விலங்கையே பலரும் இலக்காகக் கொண்டாலும், நேரத்தை உண்மையில் மிச்சப்படுத்துபவை தொடக்க நிலைக் கூடுதல்களே. சரியாகத் திரும்பி ஓடப் பழகுவது, வகுப்பின் ஓட்டத் திறனை முன்கூட்டியே கற்பது, காலணிக்கு 8 சதவீதம் ஏற்றிக்கொள்வது, முதல் விலங்குக்குத் தங்கம் சேர்ப்பது என்ற வரிசையே புதியவருக்கு நல்லது. உச்சப் பறத்தலுக்கான தங்கத்தை அதற்குப் பிறகு சேர்க்கலாம்.