வேட்டைத் துவக்கும் சமுதாய உறவுகளும்: யாழ்ப்பாணம், வன்னி குறித்த சில அவதானிப்புகள்

1

வேட்டை குறித்து நம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று வேடனின் வீரத்தைப் போற்றுவது. மற்றது கொல்லப்பட்ட மானுக்காக இரங்குவது. இவ்விரு நோக்குகளும் வேடனையும் விலங்கையும் மட்டுமே காண்கின்றன. வேடன் கையிலுள்ள கருவி யாருக்கு உரியது, காட்டின்மீது ஆணை செலுத்துவோர் யாவர், வீழ்த்தப்பட்ட மானின் இறைச்சி எங்கே செல்கிறது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் ஆனையிறவுக்கு அப்பாலுள்ள வன்னிப் பெருநிலத்தையும் களமாகக் கொண்டு அவ்வினாக்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழிலக்கியம் வேட்டையை நெடுங்காலமாக அறியும். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் வல்வில் ஓரியைப் பாடுகிறார். அவன் விடுத்த அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய அனைத்தையும் ஒருசேர வீழ்த்துகிறது. ஒரே முயற்சியிற் பல உயிர்களைக் கொல்லும் கருவி அன்று கவிஞனின் கற்பனையில் மட்டுமே இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் வரும் எயினரோ வேளாண்மையும் வணிகமும் பெருகிய அரசுகளின் விளிம்பிலே, ஆநிரை கவர்ந்து வாழ்பவர்களாகக் காணப்படுகின்றனர். பெரியபுராணத்தில் வேடனான திண்ணன் பன்றியிறைச்சியைச் சுவை பார்த்து இறைவனுக்குப் படைத்துக் கண்ணப்பராகிறார்.

அப்பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் வெளியிட்ட ஆறுமுக நாவலர் புலாலுண்ணலைக் கடுமையாகக் கண்டித்தவர். கண்ணப்பரை வணங்கும் சமூகமே புலாலுண்பவனை இழிந்தவனாகக் கருதும் முரண்பாடு இங்கு தோன்றுகிறது. இதனைத் தனிமனிதரின் முரண்பாடாகக் கொள்ளுதல் தவறாகும். நிலவுடைமையும் உத்தியோகமும் கொண்ட யாழ்ப்பாணச் சமூகத்தின் மேன்மக்கள் தம்மை வேறுபடுத்திக் காட்டிய அடையாளங்களுள் மரக்கறி உணவும் ஒன்று. பெருங்காடற்ற குடாநாட்டில் மான்வேட்டை பெருந்தொழிலாக இருந்திருக்க இயலாது. காடும் மானும் மரையும் வன்னிக்கு உரியன. ஆயினும் வன்னியில் வெயிலிற் காயவைத்த மான் வத்தலும் மரை வத்தலும் தேனுடன் குடாநாட்டு வீடுகளுக்கு வந்துகொண்டே இருந்தன. ஆசாரம் வேட்டையை விலக்கிற்று. அடுக்களை அதன் பயனை விலக்கவில்லை.

2

விலங்கைப் பண்டமாக்கும் முறைமை இப்பகுதியிற் பேரளவில் வளர்ந்தது யானையின் வாயிலாகவே. வன்னிமைகளிடமிருந்து ஒல்லாந்தர் யானைகளைத் திறையாகப் பெற்றனர். அவை யாழ்ப்பாணத்திலே இந்திய வணிகர்க்கு விற்கப்பட்டன. ஆனையிறவு என்னும் பெயரே அவ்வரலாற்றை நினைவூட்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை மாறிற்று. காட்டை அழித்துப் பயிரும் பெருந்தோட்டமும் பரப்பிய அரசுக்கு யானை தடையாகத் தோன்றியது. கொன்ற யானைக்கு அரசு வெகுமதி வழங்கிற்று. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குட்பட்ட காலத்தில் 3,500க்கும் அதிகமான யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் ரெனன்ற் தமது நூலிற் பதிவு செய்துள்ளார். ஆங்கில அதிகாரிகளோ வெகுமதி வேண்டாமலே கொன்றனர். 1845இல் இறந்த மேஜர் றொஜர்ஸ் என்பவர் கொன்றனவாகக் கூறப்படும் யானைகள் 1,400க்கும் மேற்பட்டவை. சாமுவேல் பேக்கர் தமது இலங்கை வேட்டை அனுபவங்களை 1850களில் இரு நூல்களாக எழுதிப் புகழ்பெற்றார்.

இதே 1848ஆம் ஆண்டிலேதான் டொறிங்டன் தேசாதிபதி துவக்குகள்மீது ஆண்டுக்கு இரண்டரைச் சிலிங் வரி விதித்தார். நாய், வண்டி, கடை ஆகியனவும் வரிக்குட்பட்டன. வீதி அமைக்கும் கட்டாய உழைப்பும் சேர்ந்துகொண்டது. மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இவ்வரிகள் நேரடிக் காரணமாயின. அக்கிளர்ச்சியின் தலைவருள் ஒருவரான புரன் அப்பு அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். விவசாயியின் துவக்கு அவனது பயிர்க்காவல். அவனது உணவின் ஒரு பகுதி. வேண்டுமிடத்து அவனது எதிர்ப்பின் கருவியும் ஆகும். அதன்மீது விதிக்கப்பட்ட வரி இம்மூன்றையும் ஒருங்கே தொட்டது.

பின்வந்த சட்டங்களின் வரிசையை நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். எருமைகளும் வேட்டை விலங்குகளும் வகைதொகையின்றி அழிக்கப்படுவதைத் தடுக்க 1872இல் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1891இல் யானைக்குப் பாதுகாப்பளிக்கப்பட்டது. 1894இல் ஆங்கிலேயத் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியரும் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். 1916இல் சுடுகலன் கட்டளைச் சட்டமும், 1937இல் இன்றுவரை பல திருத்தங்களுடன் நடைமுறையிலுள்ள வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் வந்தன. யாலையில் ஒரு பகுதி, நாட்டில் வதியும் விளையாட்டு வேட்டைக்காரருக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டது. இச்சட்டங்கள் தேவையற்றவை என்பது எமது வாதமன்று. மான் தோலும் கொம்பும் ஏற்றுமதிப் பண்டங்களான பின்னர் கட்டுப்பாடின்றி மானினம் பிழைத்திராது. ஆயினும், கொன்று குவித்த வர்க்கமே காவலனாகவும் மாறிற்று என்பதும், மாறியபோது தனது வேட்டையை ‘விளையாட்டு’ என்றும் கிராமத்தானுடையதைக் ‘களவு’ என்றும் பெயரிட்டது என்பதும் மறைக்க முடியாத உண்மைகளாம்.

இது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1723இல் முகத்திற் கரிபூசிச் சென்று மான் வேட்டையாடுதல் மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது, ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட ஆய்வு அதன் வர்க்கப் பின்னணியை விரிவாக விளக்குகிறது. 1842இல் இளைஞரான மார்க்ஸ் ரைன் பிரதேசத்து விறகுத் திருட்டுச் சட்டத்தைப் பற்றி எழுதியபோது, வழக்காற்றுரிமை குற்றமாக உருமாறும் இதே நிகழ்வையே எதிர்கொண்டார். ‘மூலதனம்’ முதற்றொகுதியில் ஸ்கொத்லாந்து மலைநாட்டு மக்கள் ஆட்டு மேய்ச்சலுக்காகவும், பின்னர் பிரபுக்களின் மான் காடுகளுக்காகவும் நிலத்தினின்று அகற்றப்பட்டமையை அவர் விவரிக்கிறார். அங்கே மானுக்கு இடம் கிடைத்தது, மனிதருக்குக் கிடைக்கவில்லை.

3

இனிக் கருவியை நோக்குவோம். வன்னி மக்கள் ‘இடியன்’ என வழங்கும் துவக்கு குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு இடித்து நிரப்பப்படுவது. ஒரு வெடி தவறின் மறு வெடிக்குள் மான் மறைந்துவிடும். ஆதலால் வெடிகாரன் காற்றின் திசையறிந்து, தண்ணீர் குடிக்க விலங்கு வரும் மோட்டையருகே இரவெல்லாம் காத்திருப்பான். மருந்தின் விலையும் நிரப்பும் நேரமும் கொலைக்குத் தாமே ஓர் எல்லையை வகுத்தன. துவக்கில்லாதவன் பிறருடையதை வாங்கிச் செல்ல நேரின், இறைச்சியிற் பங்கு கொடுக்க வேண்டியவனாகிறான். வாரத்துக்கு நிலம் செய்பவனின் நிலைக்கு இது நிகரானது. உழைப்பு ஒருவனிடம், உழைப்புக் கருவி இன்னொருவனிடம் என்னும் பிரிவு காட்டினுள்ளும் நுழைந்துவிடுகிறது.

மேலைநாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தானே குண்டேற்றும் துவக்குகள் சந்தைக்கு வந்தன. அமெரிக்கரான ஜோன் பிறௌணிங் வடிவமைத்த றெமிங்ரன் எட்டாம் மாதிரி றைபிள் 1906 முதல் விற்கப்பட்டது. வெடித்த குண்டின் விசையே வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி அடுத்ததைக் குழலில் ஏற்றிவிடும். விசைவில்லை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு வெடி தீரும். மான் வேட்டைக்கு விரும்பி வாங்கப்பட்ட இத்தகைய பழைய றைபிள்கள் இன்றும் அங்கு பேணப்படுகின்றன. ஆயினும் அங்கும் கருவியின் வேகம் அச்சத்தை விளைவித்தது. வலசைப் பறவை வேட்டையில் ஒரு துவக்கில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருத்தலாகாது என 1935இல் அமெரிக்க அரசு விதித்தது. ஓரியின் அம்பு கற்பனையினின்று தொழிற்சாலைக்கு வந்த பின்னர், அதற்கு எல்லை வகுக்கும் பொறுப்பு சமுதாயத்தின்மேல் விழுந்தது.

யாழ்ப்பாணத்து மக்கள் இக்கருவியை அறிந்த விதம் முற்றிலும் வேறானது. தானே குண்டேற்றும் றைபிள் இங்கு வேட்டைக்காரனின் தோளில் வரவில்லை, ‘எஸ். எல். ஆர்.’ என்னும் பெயருடன் படையினரின் கையில் வந்தது. பிரித்தானியா 1950களில் ஏற்ற அத்துவக்கை இலங்கைப் படையும், 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்தியப் படையும் ஏந்தின. 1983க்குப் பின்னர் துவக்கு என்னும் சொல்லின் பொருளே மாறிற்று. காட்டு விலங்கைக் குறித்து வழங்கிய ‘பதுங்குதல்’, ‘சுற்றிவளைப்பு’, ‘வேட்டை’ ஆகிய சொற்கள் மனிதரைக் குறித்து வழங்கலாயின. ஒரு மக்கட்கூட்டத்தின் மொழியில் நிகழ்ந்த இம்மாற்றம் மொழியியலாளரின் கவனத்தை மட்டும் வேண்டுவதன்று.

4

இலக்கியம் இவ்வுறவுகளை எங்ஙனம் பதிவு செய்துள்ளது? 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் பணி தொடங்கிய லெனாட் வூல்ப், பின்னர் அம்பாந்தோட்டையிற் பெற்ற அனுபவத்தைக் கொண்டு 1913இல் ‘காட்டிலே ஒரு கிராமம்’ என்னும் பொருள்தரும் ஆங்கில நாவலை வெளியிட்டார். அதன் நாயகன் சிலிந்து ஒரு வேடன். சேனைப் பயிருக்கான அனுமதியும் கடனும் ஊர்த் தலைமைக்காரனதும் வட்டிக்காரனதும் பிடியிலிருக்க, நெருக்குண்ட சிலிந்து ஈற்றில் அவ்விருவரையும் தன் வேட்டைத் துவக்காலேயே சுடுகிறான். அதிகாரத்தின் இயக்கத்தை அந்நாவல் தெளிவாகக் காட்டுகிறது. கூட்டு எதிர்ப்பின் சாத்தியத்தை அது காணவில்லை. அதிகாரியின் பார்வைக்குரிய எல்லை அது.

அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வெளிவந்தது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அந்நாவலில் வேட்டை அன்றாட உழைப்பின் ஒரு கூறாகவே அமைகிறது. கதிராமனுக்குக் காடு வியப்புக்குரியதன்று. அது அவனது வாழ்நிலம். மண்வாசனை என்னும் பாராட்டோடு அந்நாவலை நிறுத்திவிடுவது போதாது. பயன்பாட்டுக்காகக் கொல்லும் சமூகத்தைப் பணமும் வெளியுலகும் தொடத் தொடங்கும் கணத்தின் ஆவணமாகவும் அதனை வாசித்தல் வேண்டும்.

பழைய வேடன் இயற்கையோடு இயைந்த தூயவன் என்னும் கற்பனைக்கு நாம் இடங்கொடுத்தலாகாது. வெகுமதிக்காக 3,500 யானைகளை வீழ்த்தியவற்றுள் ஊர்த் துவக்குகளும் உண்டு. இன்று இறைச்சி விற்பனைக்காகக் கட்டுத்துவக்கு வைப்பவன் மானை மட்டுமன்றி, விறகு பொறுக்கச் செல்லும் அயலானையும் ஊனமாக்குகிறான். மானின் கதியைத் தீர்மானிப்பது கருவியின் வேகம் மட்டுமன்று. கொலை உணவுக்கா, சந்தைக்கா, ஆட்சிக்கா என்பதே முதன்மையானது. பயன்பெறுமானம் மாற்றுப் பெறுமானமாகும் இடத்திலே இடியனும் பேரழிவுக் கருவியாகும்.

2009இல் யுத்தம் முடிந்து மீளக் குடியேறிய வன்னி மக்கள் பலர், தாம் முன்னர் பயிரிட்ட நிலத்தில் வனத் திணைக்களத்தினதும் வனசீவராசிகள் திணைக்களத்தினதும் எல்லைக் கற்களைக் கண்டனர். 1938இல் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. காடும் மானும் காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. காப்பவர் யார், யாருடைய ஒப்புதலுடன், யாருடைய நிலத்தை விலையாகக் கொடுத்து என்பனவே 1848 முதல் விடை காணாதிருக்கும் வினாக்கள். அவற்றுக்கு விடை கூறும் உரிமை அக்காட்டோரத்தில் உழைத்து வாழும் மக்களுக்கு வழங்கப்படும்போதே மானும் உண்மையான பாதுகாப்பைப் பெறும்.