பழைய கார் இன்னும் ஒரு வருஷம் ஓடும்

1929ல் அமெரிக்காவில் கார், லாரி, பஸ் எல்லாம் சேர்த்து சுமார் 53 லட்சம் வண்டிகள் தயாராயின. 1932ல் அது வெறும் 13 லட்சம். மூன்றே வருஷத்தில் நான்கில் மூன்று பங்கு காணாமல் போய்விட்டது!

சரி, அமெரிக்கர்கள் கார் ஓட்டுவதையே விட்டுவிட்டார்களா என்றால், அதுதான் இல்லை. 1929ல் அங்கே பதிவாகியிருந்த மோட்டார் வண்டிகள் சுமார் 2 கோடியே 67 லட்சம். மந்தம் அடிமட்டத்தைத் தொட்ட 1933லும் 2 கோடியே 41 லட்சம் வண்டிகள் பதிவில் இருந்தன. பத்து சதவீதம் குறைவு, அவ்வளவே.

பொருளாதாரம் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதை வணிகச் சுழற்சி என்பார்கள். பாடப்புத்தகத்தில் அதை ஒரே ஒரு அலைக்கோடாக வரைந்து காட்டிவிடுவார்கள். அதைப் பார்த்தால் எல்லாத் தொழிலும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்குவது போலத் தோன்றும். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. பெருமந்தத்தில் ரொட்டிக் கடை வாங்கிய அடி வேறு, கார் ஃபாக்டரி வாங்கிய அடி வேறு.

ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஊரில் 700 கார்கள். ஒரு கார் ஏழு வருஷம் உழைக்கும். அப்படியானால் வருஷத்துக்கு 100 பழைய கார் கழியும், 100 புதுக் கார் விற்கும். இப்போது காலம் சரியில்லை என்று பயந்து, எல்லோரும் "இருக்கிற வண்டியே இன்னும் ஒரு வருஷம் ஓடட்டும்" என்று முடிவு செய்கிறார்கள். அந்த வருஷம் எத்தனை புதுக் கார் விற்கும்? ஒன்றுகூட இல்லை! ஊரில் யாரும் நடந்து போகவில்லை, ஆனால் ஃபாக்டரிக்குப் பூட்டு. ரொட்டியில் இந்த வித்தை நடக்காது. போன வருஷம் சாப்பிட்ட ரொட்டியை வைத்து இந்த வருஷம் பசியாற முடியாது.

பொருள் எவ்வளவு நாள் உழைக்குமோ, அவ்வளவுக்கு அதை வாங்குவதைத் தள்ளிப்போடலாம். வீடு காரைவிடப் பல மடங்கு உழைக்கும். 1925ல் அமெரிக்காவில் 9 லட்சத்துக்கு மேல் புது வீடுகள் கட்ட ஆரம்பித்தார்கள், 1933ல் ஒரு லட்சம்கூடத் தேறவில்லை.

இதில் தவணைக் கடனும் சேர்ந்துகொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1919லேயே கார் வாங்கக் கடன் கொடுப்பதற்கென்று தனி நிறுவனம் தொடங்கிவிட்டது. 1920களின் கடைசியில் பாதிக்கு மேற்பட்ட கார்கள் தவணையில்தான் போயின. ஒரு தவணை தவறினால் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதுவரை கட்டிய பணமும் போச்சு. எனவே கையில் இருப்பதைப் பழைய தவணைக்குக் கட்டிவிட்டு, புதுச் சுமையே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தபோது பெரும்பாலான குடும்பங்களிடம் பங்கே கிடையாது. ஆனாலும் கார் விற்பனை உடனே விழுந்தது. நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கலக்கமே இதற்குக் காரணம் என்று கிறிஸ்டினா ரோமர் 1990ல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். பட்டினி வந்துதான் கார் விற்பனை நிற்க வேண்டும் என்றில்லை, சந்தேகம் வந்தாலே போதும்.

இன்னும் விநோதமான விஷயம் ஒன்று. விற்பனை விழ வேண்டும் என்றால், கார் எண்ணிக்கை குறையவே வேண்டியதில்லை, வளர்வது நின்றாலே போதும். அதே ஊரில் வருஷத்துக்கு 50 பேர் புதிதாகக் கார் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது விற்பனை 150. புதிதாக யாரும் சேரவில்லை என்றதும் 100. ஊரில் ஒரு கார்கூடக் குறையாமலேயே ஃபாக்டரிக்கு மூன்றில் ஒரு பங்கு நஷ்டம். அந்த ஃபாக்டரிக்கு இயந்திரம் செய்து கொடுப்பவன் பாடு இன்னும் மோசம். இதை ஜான் மாரிஸ் கிளார்க் 1917லேயே ரயில் பெட்டிகளின் கணக்கை வைத்துக் காட்டியிருந்தார். பெருமந்தத்துக்குப் பன்னிரண்டு வருஷம் முன்பு!

பூட்டிய ஃபாக்டரியின் வாசலில் யார் நின்றார்கள்? 1929 மார்ச்சில் ஃபோர்டு கம்பெனியில் சுமார் 1,28,000 பேர் வேலை செய்தார்கள். 1931 ஆகஸ்டில் 37,000 பேர். இதற்கு நடுவே, 1929 டிசம்பரில், ஹென்றி ஃபோர்டு தினக்கூலியை 6 டாலரிலிருந்து 7 டாலராக உயர்த்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். கூலி ஏறியது, கூலி வாங்கும் ஆள்தான் இல்லை. 1932 மார்ச் 7 அன்று, கடும் குளிரில், வேலை இழந்த ஆயிரக்கணக்கானோர் டெட்ராய்ட்டிலிருந்து ஃபோர்டின் ரிவர் ரூஜ் ஆலைக்கு ஊர்வலம் போனார்கள். போலீசாரும் கம்பெனிக் காவலர்களும் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். காயம்பட்ட ஐந்தாமவர் பிறகு இறந்தார்.

அப்படியானால் விவசாயி தப்பித்தானா? அவன் ஆட்டம் வேறு மாதிரி. அமெரிக்க விவசாயத் துறையில் ஆலோசகராக இருந்த கார்டினர் மீன்ஸ் 1935ல் ஒரு கணக்கு கொடுத்தார். 1929க்கும் 1933க்கும் இடையே கார் உற்பத்தி 80 சதவீதம் விழுந்தது, விலை 16 சதவீதம்தான் குறைந்தது. விவசாயப் பொருட்களிலோ உற்பத்தி 6 சதவீதம்தான் குறைந்தது, விலை 63 சதவீதம் விழுந்தது! பின்னால் ஜார்ஜ் ஸ்டிக்லர் போன்றவர்கள், கம்பெனிகள் அறிவிக்கும் விலை வேறு, உண்மையில் கைமாறும் விலை வேறு என்று மீன்ஸை மறுத்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை அது மூடிவிடாது.

கார் கம்பெனிகள் சில பேர்தான். விலையைப் பிடித்துக்கொண்டு உற்பத்தியை வெட்ட அவர்களால் முடியும். விவசாயிகளோ லட்சக்கணக்கானவர்கள். ஒருவன் விதைக்காமல் விட்டால் விலை ஏறப்போவதில்லை, அவன் கடன் மட்டும் அப்படியே நிற்கும். அதனால் விலை விழ விழ, கடன் கட்ட இன்னும் அதிகம் விளைவித்தான், விலை இன்னும் விழுந்தது. 1929ல் ஒரு டாலருக்குச் சற்று மேலே இருந்த ஒரு புஷல் கோதுமை 1932ல் 38 சென்ட். அயோவாவில் சிலர் நிலக்கரிக்குப் பதில் மக்காச்சோளத்தையே அடுப்பில் போட்டு எரித்தார்கள்.

கையில் காசில்லாத விவசாயி டிராக்டர் வாங்குவானா? விவசாயக் கருவிகளின் உற்பத்தியும் மீன்ஸ் கணக்கில் 80 சதவீதம்தான் விழுந்திருக்கிறது. விலை? வெறும் 6 சதவீதம் குறைவு. கடைசியில் 1933ல் அரசே காசு கொடுத்து ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழிக்கச் சொன்னது, 60 லட்சம் பன்றிகளைக் கொல்லச் சொன்னது. பசியோடு இருந்த நாட்டில் இது நடந்தது. ஃபோர்டு ஆலை கதவைச் சாத்திச் செய்ததைத்தான் விவசாயத்துக்கு அரசு சட்டம் போட்டுச் செய்தது.

டெட்ராய்ட்டில் நின்ற கார் தமிழர்களையும் தொட்டது. கார் இல்லையேல் டயர் இல்லை, டயர் இல்லையேல் ரப்பர் இல்லை. உலக ரப்பரில் பெரும்பங்கை வாங்கியது அமெரிக்காதான். 1925ல் நியூயார்க்கில் ஒரு பவுண்டு ஒரு டாலரைத் தாண்டிய ரப்பர் 1932ல் 3 சென்ட் அளவுக்கு வந்தது. ரப்பர் மரம் கார் ஃபாக்டரி மாதிரி இல்லை. நட்டு ஆறேழு வருஷம் காத்திருந்து பால் எடுக்கிறவன் விலை விழுந்தாலும் வெட்டிக்கொண்டேதான் இருப்பான். எனவே விலையும் விழுந்தது, செலவைக் குறைக்க ஆளும் போனது. 1930ல் மலாயாத் தோட்டங்களில் ஆண்களின் தினக்கூலி 50 சென்ட்டிலிருந்து 40 ஆக வெட்டப்பட்டது. அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் தமிழர்கள், கப்பல் வந்து இறக்கியது நாகப்பட்டினத்திலும் சென்னையிலும். ஊரில் அப்போது நெல் விலையும் விழுந்து கிடந்தது.

1934ல் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்த நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் வந்தது. அதே வருஷம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவது மறுபடி தொடங்கியது. 1937ல் 48 லட்சமாக ஏறியிருந்த அமெரிக்க மோட்டார் வண்டி உற்பத்தி 1938ல் 25 லட்சமாகச் சரிந்தது. மலாயாவில் மறுபடி கூலியை வெட்டினார்கள். 1938 ஜூனில் இந்திய அரசு, உதவித்தொகையோடு அங்கே கூலியாட்கள் போவதற்குத் தடை போட்டது.