வாசலைக் கணக்கெடுத்தவர்

நூலகவியல் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது அலமாரி, அட்டை, எண். எந்தப் புத்தகத்தை எங்கே வைப்பது என்கிற பிரச்னை. எலைஸா அட்கின்ஸ் க்ளீஸன் எடுத்துக்கொண்டது அதற்கு முந்திய பிரச்னை: வாசலிலேயே நிறுத்தப்படுகிறவர்கள் யார்? இந்த ஆய்வுக்காக 1940இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அமெரிக்கக் கறுப்பர்களில் நூலகவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். இந்த 'முதல்' என்கிற வார்த்தை ஒரு சௌகரியம். அதைச் சொல்லிவிட்டால் ஆய்வைப் படிக்க வேண்டியதில்லை.

1909இல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் பிறந்தார். தகப்பனார் சைமன் கிரீன் அட்கின்ஸ், அடிமையாகப் பிறந்து, பின்னால் அந்த ஊரில் கறுப்பருக்கென ஒரு கல்விக்கூடத்தை நிறுவி வளர்த்தவர். மகள் ஃபிஸ்க்கில் பட்டம் பெற்றார். 1931இல் இல்லினாயில் நூலகப் படிப்பை முடித்தார். லூயிவில் நகரில் கறுப்பருக்கான முனிசிபல் கல்லூரியில் நூலகர் வேலை பார்த்தார். 1936இல் கலிபோர்னியாவில் எம்.ஏ. வாங்கினார். பிறகுதான் சிகாகோ.

சிகாகோவின் நூலகப் பள்ளி அந்நாளில் தனி ரகம். நூலகத்தை ஒரு சமூக ஸ்தாபனமாகப் பார்த்து ஆராயலாம் என்று நம்பிய இடம். அமெரிக்காவில் நூலகங்கள் எவ்வளவு ஏற்றத்தாழ்வோடு பரவிக்கிடக்கின்றன என்பதை அதன் தலைவர் லூயி ரவுண்ட் வில்ஸன் 1938இல் ஒரு பெரிய புத்தகமாகவே எழுதியிருந்தார். க்ளீஸன் அதே முறையைக் கையிலெடுத்து, இன்னும் கூர்மையான இடத்தில் வைத்தார். தெற்கில் நீக்ரோக்களுக்கான பொது நூலகச் சேவையின் அரசாங்கமும் நிர்வாகமும் என்பதாக ஆய்வுக்குப் பெயர். கோப்பின் மேலட்டையில் எழுதுகிற தலைப்பு! 1941இல் 'தெற்கத்திய நீக்ரோவும் பொது நூலகமும்' என்று புத்தகமாக வந்தது.

அதில் ஒரு கணக்கு: தெற்கின் 13 மாநிலங்களில் 774 பொது நூலகங்கள். அவற்றில் கறுப்பருக்குச் சேவை தந்தவை 99.

பகலெல்லாம் லெட்ஜரில் கிடக்கிறவன் நான். புள்ளிவிவரம் என்றால் முகம் சுளிக்கிற இலக்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. ஆனால் இந்த எண்ணுக்கு முன்னால் ஆவேசமான கட்டுரைகள் பல நிற்காது. அநீதி என்று சொன்னால் எதிராளி வாதாடலாம். 774இல் 99 என்றால் மறுபடி எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த 99ம்கூட நம்பிவிடக் கூடியதல்ல. சேவை என்பது பெரும்பாலும் ஒரு தனிக் கிளை. வெள்ளையர் பகுதிக்கு வந்ததைவிடக் குறைந்த பணம், குறைந்த புத்தகம். 1939 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் ஐந்து கறுப்பு இளைஞர்கள் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுக்கப்பட்டதும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து மௌனமாகப் படித்தார்கள். போலீஸ் வந்தது. நகரசபை கண்ட தீர்வு, 1940இல் கறுப்பருக்கென்று வேறொரு சின்ன நூலகம். கணக்கில் இதுவும் சேவைதான். அவமானத்தால் ஒன்று கூடியது என்று எந்தப் பத்தியில் எழுதுவது?

இந்த முரண் அவருடைய வாழ்க்கையிலேயே இருந்தது. கறுப்பு நூலகர்களைப் பயிற்றுவித்த ஹாம்ப்டன் பள்ளி 1939இல் மூடப்பட, அந்த வேலையைத் தொடர அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் 1941இல் ஒரு பள்ளி திறந்தது. முதல் டீன் க்ளீஸன். பிரிவினையை அளந்து காட்டியவர், பிரிவினையின் வேலிக்குள்ளேயே ஒரு பள்ளியைக் கட்ட வேண்டியிருந்தது. இதைச் சமரசம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலி விழுகிற வரைக்கும் படிக்கிறவன் காத்துக்கொண்டிருக்க முடியாது. 1942இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் கவுன்ஸிலிலும் இடம் பெற்றார். அங்கேயும் கறுப்பர்களில் முதல் ஆள். ஆறே வருஷம் முன்னால் அதே சங்கத்தின் ரிச்மண்ட் மாநாட்டில் கறுப்பு நூலகர்களைத் தனியே உட்கார வைத்தார்கள், விருந்துக் கூட்டங்களில் சேர்க்கவில்லை.

டாக்டரான கணவரோடு 1940களின் நடுவில் சிகாகோ போய்விட்டார். பள்ளியை வர்ஜினியா லேஸி ஜோன்ஸ் 1981 வரை நடத்தினார். 2005இல் அது மூடப்பட்டது. க்ளீஸன் 2009இல் இறந்தார், நூறு வயது.

அட்லாண்டாவின் மைய நூலகம் 1902இல் திறந்தபோதே டூ பாய்ஸ் சிலரோடு போய், எங்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டிருந்தார். கறுப்பருக்கு அது திறந்தது 1959 மே மாதம். க்ளீஸன் தொடங்கிய பள்ளி அதே ஊரில் அதற்குள் 18 வருஷமாக நூலகர்களைத் தயார் செய்துகொண்டிருந்தது.