இரண்டு நாற்காலிகள்

எங்கள் முகப்பேர் குடியிருப்பில் ஐந்து வருஷ காலம் சங்கத்தின் காரியதரிசியும் பொக்கிஷதாரரும் ஒருவராகவே இருந்தார். தப்பர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். மனிதர் பரம யோக்கியர். வேறு யாரும் முன்வராத குறைக்கு இரண்டு சுமையையும் அவரே சுமந்தார். ஒரு சித்திரை மாதம், சம்ப் என்கிற நிலத்தடித் தொட்டியின் மூடியில் விரிசல் கண்டிருப்பதைக் காரியதரிசி என்ற முறையில் நோட்டில் எழுதி வைத்தார். அதைப் பொக்கிஷதாரர் பார்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். பொக்கிஷதாரரும் அவர்தானே? "எழுதியாகிவிட்டது" என்ற திருப்தியோடு விஷயம் நின்றுபோயிற்று. ஐப்பசி மழையில் தெருச் சாக்கடை தொட்டிக்குள் இறங்கிய பிறகுதான் நோட்டைப் புரட்டினோம். சொல்ல வேண்டியவரும் கேட்க வேண்டியவரும் ஒருவராகவே இருந்தால், சொல்லாததும் சொன்னதாகவே ஆகிவிடுகிறது.

இந்த அற்ப சம்பவம் ஒரு பெரிய சரித்திரத்தை எனக்கு ஞாபகப்படுத்தியது. அதன் நடுவில் நிற்பவரும் நம் சென்னைப் பக்கத்து மனிதர்தான்.

இந்திய சர்க்காரின் உளவு இலாகா பழமையானது. அதன் வித்து 1887-லேயே போடப்பட்டது. தக்கர்களையும் கொள்ளைக்காரர்களையும் பிடிப்பதற்காக ஏற்பட்டிருந்த பழைய இலாகாவை 1904-ல் கர்ஸன் பிரபு எடுத்துவிட்டு, குற்ற உளவு இலாகா என்று புதிதாக ஒன்றை அமைத்தார். அதற்கு முதல் டைரக்டராகப் போன ஹெரால்டு ஸ்டூவர்ட் சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர். 1920-ல் அது 'இன்டெலிஜன்ஸ் பீரோ' என்று பெயர் மாறியது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே: காங்கிரஸ்காரர்களையும் புரட்சிக்காரர்களையும் கண்காணிப்பது.

1947-ல் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். வேவு பார்க்கப்பட்டவர்களே மந்திரிகளானார்கள். இலாகாவின் முதல் இந்திய டைரக்டராகச் சென்னை மாகாணப் போலீஸைச் சேர்ந்த டி. ஜி. சஞ்சீவி பிள்ளை நியமனமானார். உள்துறை மந்திரி சர்தார் படேல். இங்கேதான் இரண்டு நாற்காலி விவகாரம் வருகிறது. தேசம் முழுவதற்கும் உளவுத் தலைவராக இருந்த அதே சஞ்சீவி, டில்லி நகரப் போலீஸின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் பதவியையும் சேர்த்து வகித்தார். ஒன்று செய்தி சேகரிக்கிற வேலை. மற்றொன்று அந்தச் செய்தியைக் கொண்டு ஆளைப் பிடிக்கிற, காவல் போடுகிற வேலை.

1948 ஜனவரி 20-ந் தேதி, பிர்லா மாளிகையில் காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அருகே ஒரு குண்டு வெடித்தது. மதன்லால் பாவா என்ற அகதி இளைஞன் அங்கேயே பிடிபட்டான். தன் கூட்டாளிகளைப் பற்றி அவன் சில விவரங்களைச் சொன்னான். புனாவிலிருந்து வெளிவரும் ஒரு மராத்திப் பத்திரிகையின் ஆசிரியரைப் பற்றியும் சொன்னான். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் நாதுராம் கோட்ஸே, சொந்தக்காரர் நாராயண் ஆப்தே. இரண்டு பெயர்களும் பம்பாய் மாகாணப் பத்திரிகைகளின் சர்க்கார் பட்டியலில் பகிரங்கமாக இருந்தவை. அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

மறுநாளே இரண்டு டில்லிப் போலீஸ் அதிகாரிகள் பம்பாய்க்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு மூன்று நாளில் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அவர்கள் என்ன தகவலைக் கொண்டுபோனார்கள் என்பதில் டில்லிக்காரர்கள் ஒன்று சொன்னார்கள், பம்பாய்க்காரர்கள் வேறொன்று சொன்னார்கள். 25-ந் தேதி, அப்போது டில்லியிலிருந்த புனா சி.ஐ.டி. அதிகாரி ராணாவின் கையில் மதன்லாலின் வாக்குமூலம் கொடுக்கப்பட்டது. அவர் விமானம் ஏறவில்லை. ரயிலில், அதுவும் அலகாபாத் வழியாகச் சுற்றிக்கொண்டு, 27-ந் தேதி பம்பாய் போய்ச் சேர்ந்தார். ஜனவரி 30, வெள்ளிக்கிழமை மாலை. அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

நியாயம் பேசவும் வேண்டும். பிரிவினையின் ரத்தம் காயாத டில்லி அது. அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்திருந்தார்கள். பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதனை போடுவதற்கு மகாத்மாவே சம்மதிக்கவில்லை. இத்தனையும் உண்மை. ஆனாலும் பல வருஷங்களுக்குப் பிறகு விசாரித்த நீதிபதி கபூர் கமிஷன், 1969-ல் சமர்ப்பித்த தன் அறிக்கையில் சஞ்சீவியைப் பெயர் சொல்லியே குறை கூறியது.

எனக்கு ஓர் எண்ணம் உண்டு. உளவுத் தலைவர் ஒருவராகவும் நகரப் போலீஸ் தலைவர் வேறொருவராகவும் இருந்திருந்தால், ஜனவரி 22-ந் தேதி ஒருவர் மற்றவருக்கு டெலிபோன் செய்திருப்பார். "அந்தப் பத்திரிகை ஆசிரியர் யார் என்று தெரிந்ததா?" என்று கேட்டிருப்பார். பதில் திருப்தியில்லை என்றால் மறுநாளும் கேட்டிருப்பார், சண்டை கூடப் போட்டிருப்பார். ஒரே மனிதர் தம்மோடு தாமே சண்டை போட முடியுமா? மகாத்மா பிழைத்திருப்பார் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போயிற்று என்பதை மட்டும் சொல்லலாம்.

பாடத்தை தேசம் உடனே படித்துக்கொண்டதா? இல்லை. 1950-ல் சஞ்சீவிக்குப் பின் வந்த பி. என். மல்லிக் 1964 வரை, பதினான்கு வருஷம், தலைமையில் இருந்தார். உள்நாடு, வெளிநாடு, எல்லைப்புறம் எல்லாம் ஒரே குடையின் கீழ். 1962-ல் சீனா படையெடுத்தது. 1965-ல் பாகிஸ்தானோடு யுத்தம். இரண்டு தடவையும் போதிய தகவல் வரவில்லை என்ற புகார் எழுந்தது. 1968 செப்டம்பர் 21-ந் தேதி இந்திரா காந்தி இலாகாவை இரண்டாகப் பிரித்தார். உள்நாட்டு வேலை பழைய பீரோவுக்கு. அது உள்துறையிலேயே நீடித்தது. வெளிநாட்டு வேலைக்கு 'ரா' என்ற புது ஸ்தாபனம் மந்திரிசபைச் செயலகத்தில் ஏற்பட்டது. அதன் தலைவர் ராமேஷ்வர் நாத் காவ். அவருக்கு வலது கை சங்கரன் நாயர். 1971 வங்காள தேச யுத்தத்தில் அதற்குப் பலன் கிடைத்தது.

நாற்காலிக்கு வேறொரு குணமும் உண்டு. 1977-ல் மொரார்ஜி தேசாய் பிரதம மந்திரியானார். காவுக்குப் பின் தலைவரான சங்கரன் நாயர், அந்தப் பதவியின் அந்தஸ்தைச் செயலாளர் என்பதிலிருந்து டைரக்டர் என்று இறக்கியபோது, சில மாதங்களிலேயே விலகிக்கொண்டார். வெறும் பெயர்ப்பலகைக்காகவா என்று நாம் சிரிக்கலாம். டில்லியில் யாருடைய அறைக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதைப் பெயர்ப்பலகைதான் தீர்மானிக்கிறது.

பிரித்தால் போதுமா என்றால் அதுவும் போதவில்லை. 1999-ல் கார்கில் மலையில் எதிரிகள் ஏறி உட்கார்ந்த பிறகு ஒரு கமிட்டி அமைந்தது. அதன் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். ஒவ்வொரு இலாகாவும் தனித்தனியே செய்தி வைத்திருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தக்க ஏற்பாடு இல்லை என்று அந்தக் கமிட்டி கண்டது. 2008 நவம்பரில் பம்பாயில் அந்தக் கொடூரம் நடந்த பிறகு, உள்துறைக்கு வந்த சிவகங்கைக்காரர் ப. சிதம்பரம் எல்லா உளவு இலாகாக்களும் தினந்தோறும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து செய்தி பரிமாற ஏற்பாடு செய்தார். 1948-லிருந்து அந்த மேஜைக்கு வந்து சேர அறுபது வருஷம் பிடித்திருக்கிறது.

நம் வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஒற்றரை ஒற்றர் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல்வது ஒத்துவந்தால்தான் நம்ப வேண்டும் என்பது அவர் முடிவு. ஒருவருக்கொருவர் அறியாத மூன்று பேர் வேண்டும். மூன்று சொல்லையும் ஒப்பிட்டுப் பார்க்க நாலாவது ஆள் ஒருவர் வேண்டும். பிரிப்பதும் சேர்ப்பதும் இரண்டும் அதில் இருக்கின்றன.

எங்கள் சங்கத்திலும் தேர்தல் நடந்துவிட்டது. பழைய காரியதரிசி காரியதரிசியாகவே நீடிக்கிறார். பொக்கிஷதாரராகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் வந்திருக்கிறார். முதல் கூட்டத்திலேயே நோட்டை வாங்கி, "இது என்ன சார், இதற்கு என்ன செய்தீர்கள்?" என்று எட்டு இடங்களில் விரல் வைத்துக் கேட்டார். காரியதரிசிக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு கூடப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். அந்த எட்டில் ஐந்து வேலை அடுத்த வாரமே முடிந்துவிட்டது.