செல்லப்பிராணி வாசல்

செல்லப்பிராணி வாசல் என்பது வீட்டுக் கதவைத் திறக்காமலே பூனையோ நாயோ போய்வருவதற்காகக் கதவின் அடிப்பகுதியிலோ சுவரிலோ வைக்கப்படும் சிறு திறப்பு. மேலே கீல் வைத்துத் தொங்கும் மடல்தான் இதன் முக்கிய உறுப்பு. விலங்கு தலையால் முட்டினால் மடல் திறக்கும்; அது கடந்ததும் தானே மூடிக்கொள்ளும். கதவில் வைப்பது தச்சு வேலை. சுவரில் வைப்பது கொத்தனார் வேலை. செலவும் கூடுதல், பிசகினால் சரிசெய்வதும் கடினம்.

இங்கிலாந்தில் எக்ஸிடர் பேராலயத்தின் வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் வட்டமான பூனைத் துளை ஒன்று இன்றும் இருக்கிறது. எலி பிடிக்கும் பூனைக்குக் காலாண்டுக்கு 13 பென்ஸ் படி அளந்த கணக்கு அந்தப் பேராலய ஏடுகளில் 1305 முதல் 1467 வரை காணப்படுகிறது. ஐசக் நியூட்டன்தான் பூனை வாசலைக் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய ஆங்கிலக் கவிஞர் சாஸரின் கதையிலேயே கதவில் பூனைத் துளை வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இப்படியொரு வாசல் தேவைப்படாமல் போனதற்குக் காரணம் எளியது. பகல் முழுக்கத் தெருக்கதவு திறந்தே கிடந்தது. நாய் திண்ணையோடு நின்றுகொண்டது. பூனை கூரைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்திலோ, முற்றத்து ஜலதாரை வழியாகவோ வந்துபோனது. சுவரில் துளை வைத்துப் பலகையால் அடைக்கும் வழக்கம் கோழிக்கு உண்டு: திண்ணைக்கு அடியில் கூடு கட்டி, அந்தியில் கோழிகளை அடைத்து, வாயில் பலகையோ கல்லோ சாத்திவிடுவார்கள். செல்லப்பிராணி வாசல் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இந்த இரவு அடைப்புதான்.

அந்தப் பழைய வழிகள் அடைபட்ட ஒரு வட்டாரத்தைப் பார்ப்போம். சென்னைக்கு வடக்கே, மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே புறநகர் ரயில் நிற்கும் ஊர் அனுப்பம்பட்டு. அதற்கு வடகிழக்கே பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள். கீற்றுக் கொட்டகை இருந்த இடங்களில், குறிப்பாக 2004 சுனாமிக்குப் பிறகு, கான்கிரீட் வீடுகள் எழுந்தன. கூரைச் சந்து போய்விட்டதால் பூனைக்கு வழி அடைபட்டது. ஆனால் பூனையின் வேலை தீரவில்லை. சுருட்டி வைத்த நைலான் வலையை எலி கடித்தால் அதைப் பொத்தி முடிக்க நாள்கணக்காகும் என்பது மீனவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கருவாட்டுக் கூடையையும் அதே பூனையிடமிருந்து காக்க வேண்டும் என்பது தனிக் கதை. ஆகவே வாசலை வலை வைத்திருக்கும் அறைக்கு வைக்கலாம், சமையலறைக்கு வைக்கக் கூடாது.

இடம் பார்ப்பதில்தான் பாதி வேலை. தூணிலும் பீமிலும் கை வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கம்பியை அறுத்தால் வீட்டுக்கே கேடு. சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் ஒயர் குழாய் ஓடும். அந்த வரிசையைத் தவிர்க்க வேண்டும். உப்புக்காற்றும் உப்பு நிலத்தடி நீரும் உள்ள இந்த வட்டாரத்தில் சுவரின் அடி வரிசைகளில் உப்பு பூத்துச் செங்கல் பொரிந்திருக்கும். பூச்சைச் சுரண்டும்போது மாவாக உதிர்ந்தால் அந்த இடம் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதற்குச் சுவரிலேயே கறை இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திறப்பின் அடி விளிம்பு அந்தக் கறைக்கு மேலே இருக்க வேண்டும். உயரம் கூடினால் வெளியே ஒரு படிக்கல் போட்டால் போதும்.

அளவு விலங்கைப் பொறுத்தது. பூனைக்கு ஆறேழு அங்குலச் சதுரம் போதும். நாய்க்கு அதன் உடம்பின் அகன்ற பகுதியைவிட இரண்டு அங்குலம் அகலமாகவும், மேல் விளிம்பு தோளுக்குச் சற்று மேலாகவும் இருக்க வேண்டும். பெரிய நாய் நுழையும் திறப்பில் தவழும் குழந்தையும் நுழையும். வாசலுக்கு வெளியே கால்வாயோ ஏரியோ இருக்கும் வீட்டில் இதை மறந்துவிடக் கூடாது.

நம் வெளிச்சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குலம். இருபுறப் பூச்சையும் சேர்த்தால் பத்து. மேஸ்திரி முதலில் அளவைக் குறித்து, நான்கு மூலையிலும் துரப்பணத்தால் ஊடுருவத் துளையிடுவார். பிறகு இருபக்கமும் கட்டரால் கோடு அறுத்து, செங்கலை உளியால் ஒவ்வொன்றாகப் பெயர்ப்பார். சம்மட்டியால் ஓங்கி அடித்தால் மேல்வரிசை நெகிழும். பூனை அளவுத் துளைக்கு மேலிருக்கும் கல்வரிசை பெரும்பாலும் தானே தாங்கிக்கொள்ளும். அகலம் ஒரு அடியைத் தொட்டால், இருபுறமும் ஆறு அங்குலம் உட்காரும்படி கடப்பாக்கல் பலகையோ சிறு லிண்டலோ வைப்பது நல்லது. ஆலோ பிளாக் சுவரானால் வெட்டுவாயில் தெரியும் பொந்துகளைக் கலவையால் அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அதுவே எறும்புக்கும் பல்லிக்கும் வீடாகும்.

உள்ளே பிவிசி அல்லது அலுமினியத் தகட்டால் உறை போட்டு, வெளிப்பக்கம் கால் அங்குலம் தாழ்த்த வேண்டும். மழைநீர் வெளியே வடிய இது ஒன்றே வழி. விளிம்பில் சிலிக்கான், மேலே சின்னச் சன்ஷேடு. கீலும் திருகும் துருப்பிடிக்காத எஃகாக, கடலோரத்துக்கு 316 தரமாக இருக்கட்டும். சாதாரண இரும்புக் கீல் உப்புக்காற்றில் சீக்கிரமே இறுகிப்போகும். கனத்த சுவரில் இருபுறமும் ஒவ்வொரு மடல் வைத்தால் சாரலும் கொசுவும் குறையும்.

இத்தனைக்கும் மேல் பாம்பு. தாழில்லாமல் காந்தம் மட்டுமே மூடிப் பிடித்திருக்கும் மடலை எலியும் பெருச்சாளியும் எளிதில் தள்ளிவிடும். எலி போன வழியில் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்திருப்பவரைக் கடித்தாலும் பல சமயம் வலி தெரியாது. வெளிநாடுகளில் விலங்கின் தோலடியில் பொருத்திய மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணைப் படித்து, அந்த விலங்குக்கு மட்டும் தாழ் திறக்கும் வாசல்கள் விற்கின்றன. அவை பக்கத்து வீட்டுப் பூனையைத் தடுக்கும். ஆனால் மடலின் ஓர இடுக்கு அடைபடாவிட்டால் குட்டிப் பாம்பைத் தடுக்காது. உட்பக்கம் பள்ளத்தில் இறங்கும் கெட்டிப் பலகையும் தாழ்ப்பாளும் இருந்தால்தான் நம்பலாம். பொழுது சாயும்முன் பிராணியை உள்ளே அழைத்து அந்தப் பலகையை இறக்கிவிட வேண்டும்.

தன்னிச்சையாக வெளியே போய்வரும் நாய்க்கும் பூனைக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக் கூடாது. இரவில் பலகை இறக்க ஆளில்லாத வீட்டில், வயல்களும் ஏரியும் சூழ்ந்த இந்தப் பக்கத்தில், சுவரில் இந்த வாசலை வைக்காமலிருப்பதே மேல்.